தேங்காய் நாரும் தவுக்கேயின் எடையும்

வியாழக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறை. தரையில் ஒரு நீல வாளி. வாளிக்குள் இரத்தம்.

இரத்தம் இல்லைதான். ஆனால் அந்தச் சிவப்புக்கு வேறு பெயர் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு வாயில் வரவில்லை. செம்பருத்தியை அரைத்துக் கரைத்தது போல, சாயங்கால மேகத்தைப் பிழிந்து வைத்தது போல, என்று பிறகு ஆற அமர எழுதிப் பார்த்தேன். அப்போது தோன்றியது ஒன்றுதான். போச்சு.

வாளிக்கு அந்தப் பக்கம் என் மனைவி மலர்விழி. முகத்தில் பாதியை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, கையில் நீளமான மரக்குச்சி. வாளிக்கு இந்தப் பக்கம், சமையலறை நிலைக்கு வெளியே, நான். காஸ்டிக் சோடா கரைத்திருக்கிறாள், உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு.

"என்னங்க," என்றாள்.

எங்கள் கல்யாணம் முடிந்து இருபத்தாறு வருடம். அவளுடைய 'என்னங்க'வில் எத்தனை வகை என்று எனக்கு அத்துப்படி. கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லும் என்னங்க வேறு, லிப்டில் அண்டை வீட்டார் முன்னால் வாயை மூடச் சொல்லும் என்னங்க வேறு. இது மூன்றாவது. வருடத்துக்கு ஒரு முறை வருவது.

"இதுல என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலியே."

பொய் இல்லை. வாளியில் நான் எதையும் போடவில்லை. மூட்டையில்தான் போட்டேன்.

நாற்காலியைக் கவிழ்ப்பவள்

இந்தத் தொடரில் மலர் அவ்வப்போது குறுக்கே வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் என்ன வேலை பார்த்தாள் என்று மட்டும் சொல்லாமலே இருந்துவிட்டேன். கவிதை எழுதுகிறவன் வீட்டில் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்களும் கேட்கவில்லை. நல்ல வாசகர்கள்.

இருபத்திரண்டு வருடம் அவள் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அச்சு இயந்திரம் ஓட்டினாள். அரிசி மணி போன்ற பிளாஸ்டிக் மணிகள் மேலே விழும், உள்ளே உருகும், கீழே வாளியாக, தட்டாக, நாற்காலியாக வரும். கல்யாணமான புதிதில் அவள் கூந்தலில் மல்லிகைக்கும் மேலாக ஒரு வாசனை வரும். சூடு தணியாத புத்தம்புது பிளாஸ்டிக்கின் வாசனை. அதை வைத்து நான் எழுதிய காதல் கவிதையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. அச்சுப்பிழை என்று நினைத்தார்களாம்.

எங்கே போனாலும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பாள். அடியில் இருக்கும் அச்சு முத்திரை, விளிம்பின் பிசிறு, காலின் தடிமன். ஃபேரர் பார்க்கில் ஒரு கல்யாண வரவேற்பு, மாப்பிள்ளை மேடை ஏறிக்கொண்டிருக்கிறார், இவள் எங்கள் வரிசையில் நாற்காலியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு முறை, அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சாவு வீடு. அழுதுகொண்டிருந்த அம்மாளைச் சற்று எழுந்திருக்கச் சொன்னாள். அந்த நாற்காலியின் பின்னங்கால் இன்னும் ஒரு வாரம்தான் தாங்குமாம். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு வேறு நாற்காலியில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அழுதார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, ஆமாம், அவர்கள் வீட்டார்தான் என்னைப் பார்க்க வந்தார்கள், அவள் என்னைவிட அதிக நேரம் பார்த்தது எங்கள் வீட்டு முக்காலியை.

சென்ற ஆண்டு அந்தத் தொழிற்சாலை நீரிணையைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டது. இயந்திரங்கள் லாரியில் ஏறின. மலருக்கு ஒரு கேக் வெட்டினார்கள். வயது ஐம்பத்தொன்று.

மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்த எல்லா நாற்காலிகளும் கவிழ்ந்து நிமிர்ந்தன. பிறகு ஒரு பேரங்காடியில் காசாளர் வேலைக்குக் கடிதம் வந்தது. குளிர்சாதனம், நல்ல நேரம், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நல்ல வேலைதாங்க," என்றாள். "ஆனா அங்க ஒண்ணுமே உருகாது."

இதைவிடச் சிறந்த வரி நான் எழுதியதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தவுக்கே என்கிற அளவுமானி

இங்கே முதலாளியைத் தவுக்கே என்போம். தவுக்கே லிம், செம்பவாங் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கூடம் வைத்திருப்பவர். சாப்பாட்டுக் கடைகளுக்கு முக்காலி செய்பவர். மலரின் பழைய கம்பெனியில் அச்சு வாங்கிய வகையில் பழக்கம். கடைக்காரர்கள் இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கைக் குறைத்து ஏதாவது பச்சையாகச் செய்து கொடு என்று கேட்கிறார்கள், பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தபோது, மலர் தேங்காய் நாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் சுலபம். உருகிய பிளாஸ்டிக்கில் தேங்காய் நாரைக் கலந்து அழுத்தினால், பிளாஸ்டிக் உடையப் பார்க்கும்போது நார் பிடித்து இழுக்கும். பிளாஸ்டிக்கும் குறைவாகச் செலவாகும், பலகையும் வலுவாகும். யாரோ தூக்கி எறியும் நார். தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத ஊர் இது. நாசி லெமாக்கும் லக்சாவும் தின்று தீர்த்த இந்த ஊர், அந்தத் தேங்காயின் சட்டையைப் பற்றி ஒரு நிமிடம் நினைத்ததுண்டா? கடல் உப்பை மறுத்து, மரத்திலிருந்து விழும் அதிர்ச்சியை வாங்கி, உள்ளே இருக்கும் இனிப்பைக் காத்துக் கொடுத்துவிட்டு, குப்பைத்தொட்டியில் தலைவிரிகோலமாகக் கிடக்கும் நார். இப்படி நான் உருகிக்கொண்டிருந்தபோது, அது வாளியில் ஊற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் குறித்துக்கொண்டிருந்தாள்.

லிம் வாய்ப்புக் கொடுத்தார். சனிக்கிழமை மதியம் இயந்திரம் சும்மா இருக்கும், எடுத்துக்கொள். ஆனால் நாரை ஊறவைப்பதும் நாற்றமும் உன் வீட்டில். மூன்று தடவை. மூன்றாவதிலாவது ஒரு முக்காலிப் பலகை நிற்குமானால், புதிய வரிசையைப் பார்த்துக்கொள்ள உனக்கே வேலை. நிற்காவிட்டால் ஒன்றாகக் காப்பி குடித்துவிட்டுப் பிரிவோம்.

நிற்குமா என்று பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. அவரே கருவி. லிம் உயரத்தில் என் தோள். அகலத்தில் இரண்டு நான். இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே பலகையை வைப்பார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய கோப்பி ஓ என்கிற பாலில்லாத காப்பி, அப்படியே உட்காருவார்.

முதல் பலகையில் அவர் உட்காரவே இல்லை. நார் சரியாகக் காயவில்லை. சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கிற்கழி முழுவதும் நாராகத் தொங்கி, கீழ்வீட்டுத் துணிகளில் எல்லாம் மீசை முளைத்ததுதான் மிச்சம். உள்ளே ஒளிந்திருந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, அச்சைத் திறந்ததும் பலகை அப்பளமாக உப்பி நின்றது. லிம் அதை விரலால் தட்டிப் பார்த்து, சாம்பார் இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டாவதற்கு நாரை எங்கள் கேக் அடுப்பில் மிதமான சூட்டில் காயவைத்தாள். பலகை அழகாக வந்தது. லிம் உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நான்கு என்றபோது தரையில் இருந்தார். கோப்பி அவர் சட்டையில் இருந்தது.

அவர் எழுவதற்குள் மலர் உடைந்த விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய்விட்டாள். நார் ஒன்றுகூட அறுபடவில்லை. சீப்பிலிருந்து முடி கழல்வதைப் போல முழுசாக உருவிக்கொண்டு வந்திருந்தது. நாரின் மேல் இருக்கும் மெழுகு மாதிரியான வழவழப்பு பிளாஸ்டிக்கை ஒட்டவிடவில்லை. அவள் நின்ற இடத்திலேயே விளக்கினாள். தரையிலிருந்தபடியே லிம் கேட்டுக்கொண்டார்.

உள்ளங்கை அளவு கறுப்பு

வழவழப்பை எடுக்கக் காஸ்டிக் சோடா. மெல்லிய கரைசலில் ஊறவைத்தால் மெழுகு போய், நாரின் மேல் சொரசொரப்பு வரும். பிறகு சோடா முழுவதும் போகும்வரை அலச வேண்டும். அலசினாள். நான்கு தண்ணீர். வாளித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. காயவைத்து, லிம் அனுமதியோடு உள்ளங்கை அளவில் ஒரு துண்டு மட்டும் அழுத்திப் பார்த்தாள்.

கறுத்துப்போய் வந்தது. விளிம்பை அழுத்தினால் பிஸ்கட்டாக உதிர்ந்தது.

ஏன் என்று தெரியவில்லை. இரண்டு நாள் அந்தத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். ரயிலில் எடுத்துப் பார்ப்பாள். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். எதிரே நான் இருந்தேன் என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது வாய்ப்பு வருகிற சனிக்கிழமை. பேரங்காடியின் கெடு அதற்கடுத்த திங்கட்கிழமை. அதற்கு நார் வேண்டும். செடிக்கடையில் ஆர்க்கிட் வளர்க்க விற்கும் சுத்தமான நார், நான்கு பொட்டலம் வாங்கி வாருங்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று புதன்கிழமை என்னை அனுப்பினாள். 'ஒரே மாதிரி' என்பதை இரண்டு முறை சொன்னாள்.

கடையில் இரண்டு பொட்டலம்தான் இருந்தது. அடுத்த கடை தீவின் மறுகோடியில். மழை வேறு. நான் நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காப் பக்கம் ஒதுங்கினேன். எனக்குக் கால் நிற்காது, மழையில் இன்னும் நிற்காது. நடந்து நடந்து ஒரு கோவிலின் பின்புறம் வந்து சேர்ந்தேன்.

அங்கே, கூரைக்கடியில், ஒரு கோணிப்பை நிறையக் குடுமிகள்.

அர்ச்சனைத் தேங்காயை உடைத்ததும் குடுமியைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தானே சாமிக்குக் காட்டுவார்கள். அன்று ஏதோ விசேஷம், நூற்றுக்கணக்கில் உடைத்திருக்கிறார்கள். பிய்த்த குடுமியெல்லாம் மூட்டையாகக் குப்பைக்குக் காத்திருந்தது. கூட்டிக்கொண்டிருந்த தொண்டரிடம் கேட்டேன். எதற்கு என்றார். முக்காலிக்கு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எடுத்துக்குங்க என்றார். வழுக்கை ஆட்கள் கேட்டு வாங்கிப்போவதுண்டு என்று அவராக ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

மஞ்சளும் குங்குமமும் லேசாக ஒட்டியிருந்தன. வீட்டுக்குக் கீழே பொதுக் குழாயில் நன்றாக அலசினேன். குங்குமம் போனது. மஞ்சள், பழுப்பு நாரில் எங்கே தெரியப்போகிறது? பிய்த்து, கோதி, கடை நாரோடு சமமாகக் கலந்து, நான்கு பொட்டலத்தின் அளவுக்கு உப்பவைத்து அவளிடம் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"சூடம் வாசம் அடிக்குது."

"மழைங்க," என்றேன். மனைவியை 'ங்க' போட்டுப் பேசிய அந்த ஒரு சொல்லிலேயே நான் மாட்டியிருக்க வேண்டும்.

மறுபடியும் வாளி

ஆக, வியாழக்கிழமை, பத்து மணி, வாளி.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கும் என்று தெரியாத தமிழன் உண்டா? என் கல்யாணத்தில் எனக்கே சுற்றினார்கள். சோடாவும் சுண்ணாம்பின் சொந்தக்காரன்தான் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஒரு வாளி ஆரத்தியைத் தயாரித்துவிட்டு வாசலில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ரொஹானா அக்கா, எங்கள் கதவு திறந்திருப்பதைக் கண்டு, ஒரு தட்டு குவே பலகாரத்தோடு எட்டிப் பார்த்தார். மலாய்க்காரர், நிதானமானவர். முதலில் வாளியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியும் கையுறையும் குச்சியுமாக நின்ற மலரை. பிறகு என்னை, உச்சி முதல் பாதம் வரை, எண்ணிக்கை சரிபார்ப்பவர் போல. எல்லாம் இருந்தது. தட்டை மெதுவாக ஷெல்ஃபில் வைத்துவிட்டு, இன்னொரு நேரம் வருகிறேன் என்று மலரிடம் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உண்மையைச் சொன்னேன். குடுமி, கோணிப்பை, மழை, எல்லாம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றி, "ஒரே மாதிரி இருக்கணும்னு சொன்னேன்," என்றாள். "ரெண்டு தடவ சொன்னேன்."

"வேற நார் வாங்கிட்டு வந்துடறேன், மலர்."

"ஊறணும், அலசணும், காயணும். சனிக்கிழமைக்குள்ள ஆகுமா?"

ஆகாது. எனக்கே தெரிந்தது. திங்கட்கிழமை அவள் பதில் சொல்லப்போவது பேரங்காடிக்குத்தான், அதற்குக் காரணம் நான். அந்தச் சிவப்பு என் முகத்திலும் ஏறியது.

வேறு வழியில்லாமல் இதையே அலசலாம் என்றாள். எதையாவது செய்து ஈடுகட்ட வேண்டும் என்று நான் தண்ணீர் தூக்கினேன். முதல் தண்ணீர் சிவப்பு. இரண்டாவது ரோஜா. மூன்றாவது லேசான தேநீர். நான்காவது தெளிந்துவிட்டது. போதும் என்று வாளியைக் கவிழ்க்கப் போனேன்.

"இருங்க."

குனிந்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நாரைக் கையால் விலக்கினால், நடுவில், குடுமி நார் இன்னும் சிவப்பாகவே கிடந்தது.

ஒரு சிவப்பு இழையை உருவி விரலில் சுற்றினாள். பிறகு சம்பந்தமே இல்லாமல், என் வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். திட்டுவாய் என்றேன். அதற்கப்புறம் என்றாள். சோப்புப் போடும்போது கறை சிவக்கும், அலச அலச மறுபடி மஞ்சளாகும்.

"சோப்பு இருக்கிற வரைக்கும்தான் செவப்பு," என்றாள். "தண்ணி சுத்தமாயிடுச்சு. நாரு ஆகல. உள்ள சோடா இன்னும் இருக்கு."

உள்ளங்கை அளவுக் கறுப்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். நான்கு தண்ணீரோடு நிறுத்தியது. உள்ளேயே தங்கிவிட்ட சோடா, அச்சின் சூட்டில் நாரைத் தின்றிருக்கிறது. கடை நார் வாயைத் திறக்கவில்லை. கோவில் நார் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டாள். வாளி முழுவதும், ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு யாரோ நடந்து போவது போல, சிவப்பு மஞ்சளாக மாறிக்கொண்டே போனது. நான் இதுவரை எத்தனையோ விடியல்களை வர்ணித்திருக்கிறேன். ஒன்றை முதல்முறையாகப் பார்த்தது அன்றுதான்.

என்னைப் பார்த்து அவள் சிரித்தாள் என்று எழுத ஆசை. ஒன்பதாவது தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

சனிக்கிழமை

அச்சைத் திறந்தபோது பலகை பொன்னிறமாக இருந்தது. நார் திசைக்கொன்றாகக் கிடந்தது, நடுநடுவே மஞ்சள் கீற்று. உப்பவில்லை. கறுக்கவில்லை. ஆறும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

லிம் ஆங்கிலத்தில் பேசுவார், மலாய் கலப்பார், பழைய ஊழியர்களிடம் கற்ற தமிழும் கொஞ்சம் தூவுவார். எல்லாவற்றையும் தமிழாகவே தருகிறேன், பேச்சின் வாலில் அவர் ஒட்டும் 'லா'வை மட்டும் விட்டுவைக்கிறேன். இந்த முறை கோப்பிப் பையை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அனுபவம்.

உட்கார்ந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மலரின் விரல்கள் என் முழங்கையைப் பிடித்தன. பத்து. இருபது. எழுந்து, மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார். மூன்று முறை. பலகை சற்றே வளைந்து, நிமிர்ந்தது. அப்போது யாரோ கடைக்காரர் தொலைபேசியில் அழைக்க, உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், கோப்பியை எடுத்துத் தரச் சொல்லிச் சைகை காட்டினார், காலை ஆட்டினார். சோதனையில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். ஒரு முக்காலிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

பேசி முடித்துவிட்டு, "நல்லா இருக்குலா," என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். எனக்கு அப்படியே அவளை அழைத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. மலர் என் முழங்கையை விட்டாள்.

"தவுக்கே, ஒண்ணு சொல்லணும். இதுல இருக்கிறது பாதி கோவில் நார்."

நான் கூரையைப் பார்த்தேன். அவள் முழுவதையும் சொன்னாள். அர்ச்சனைத் தேங்காய், குடுமி, மஞ்சள்.

லிம் எழுந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக எழும் என்று நான் நினைத்ததில்லை. சைனாடவுனில் எந்தச் சாமியின் வாசலைக் கடந்தாலும், அது யாருடைய சாமியானாலும், நின்று கும்பிட்டுப் போகிற மனிதர். பலகையை உள்ளங்கையால் துடைத்தார். தன் கால்சட்டையின் பின்புறத்தையும் தட்டிக்கொண்டார்.

"கோவில் சாமான் மேல உக்கார வச்சிட்டியே. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்?"

"கால் மணி நேரம் இருக்கும்," என்றேன். உதவி செய்வதாக நினைப்பு.

மலர் பொறுமையாக விளக்கினாள். சாமிக்குக் காட்டுவதற்கு முன்னாலேயே பிய்த்து எறிவது, எங்களுக்கு அது குப்பைதான். லிம் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்களுக்குக் குப்பை. சாமி எங்கிட்ட அப்படிச் சொல்லலியே." பலகையை நோக்கி இரண்டு கைகளையும் சேர்த்து மூன்று முறை குலுக்கினார். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். விற்க முடியாது, உட்கார முடியாது, எறியவும் முடியாது. கடைசியில் ஏணி போட்டு ஏறி, எங்கள் எல்லார் தலைக்கும் மேலே, அலமாரியின் உச்சியில் சாய்த்து வைத்தார்.

ஏணியில் நின்றபடியே கேட்டார். "நீ பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் சொன்ன?"

"அடுத்த பலகையும் இப்படி வரணும்ல, தவுக்கே. இது ஏன் நல்லா வந்துச்சுன்னு தெரியாம நீங்க நூறு செய்யச் சொன்னீங்கன்னா, நூறும் கறுத்துப் போயிடும்."

சோடா, சிவப்பு, மஞ்சள், ஒன்பது தண்ணீர் என்று ஆரம்பித்தாள். வேட்டியில் கொட்டும் சாம்பார்வரை வந்தது. லிம் ஏணியில் ஒரு படியில் உட்கார்ந்து கேட்டார். நடுவில், ஒவ்வொரு வாளிக்கும் கோவிலுக்கு ஓட வேண்டுமா என்றார். வேண்டாம், கடை நாரிலேயே ஒரு பிடியைக் கடை மஞ்சளில் தோய்த்து உள்ளே போட்டால் போதும், அது மஞ்சளாகும்வரை அலசினால் மற்றதும் சுத்தம் என்றாள். அவள் கைகள் காற்றில் நாரை விலக்கிக் காட்டின. மூன்று மாதமாக நான் பார்க்காத கைகள் அவை.

லிம் இறங்கினார். அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக.

"சனிக்கிழமை இனிமே வராதே," என்றார்.

மலர் தலையசைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"சனிக்கிழமை லீவுலா. திங்கட்கிழமை வா. புது நார் வாங்கித் தரேன், கோவில் நார் வேணாம். எட்டரைக்கு."

அவள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏழரைக்கு வந்துடறேன், தவுக்கே. அச்சு சூடேற நேரமாகும்."

"ஏழரைக்கு இங்க யாரு இருப்பா? கதவை யாரு திறப்பா?"

"சாவி கொடுங்க," என்றாள் மலர், கையை நீட்டி.

லிம் என்னைப் பார்த்தார். நான் இதில் எந்தக் கட்சியும் இல்லை என்பது போல நின்றேன். அவர் இடுப்பிலிருந்த வளையத்தை இழுத்து, பத்துப் பதினைந்து சாவிகளுக்கு நடுவே ஒன்றைத் தேடிப் பிடித்து, நகத்தால் நெம்பிக் கழற்ற ஆரம்பித்தார். லேசில் கழலவில்லை. மலர் நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தாள்.